சாவா மருந்தின் விலைப்பட்டியல்: ஆல்கர் உறைநிலைச் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஸ்காட்ஸ்டேல் நகரில் இயங்கும் ஆல்கர் அறக்கட்டளை, இறந்துபோனவர்களின் முழு உடலையோ தலையை மட்டுமோ மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிரில் பாதுகாத்து, மருத்துவம் என்றாவது வளர்ந்து அவர்களை எழுப்பும் என்று காத்திருக்கும் லாப நோக்கமற்ற நிறுவனமாகும். கிரயோனிக்ஸ் எனப்படும் இந்தச் சேவைக்கு உலகில் கடை விரித்திருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களில் 1972இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் ஆல்கர் பழையது, விலை கூடியது, தன் ஆவணங்களைப் பெரும்பாலும் வெளிப்படையாக வைத்திருப்பது. நான் அதில் உறுப்பினன் அல்லன். அது பொதுவில் வைத்திருக்கும் கட்டண விவரங்களையும் செய்முறை விளக்கங்களையும், இந்தத் துறையிலிருந்து நீதிமன்றம் வரை போன வழக்குகளையும் படித்து, சேர நினைக்கும் ஒருவருக்கு என்ன சொல்லலாம் என்ற நோக்கில் இதை எழுதுகிறேன். பயனாளிகளின் கருத்து என்ற பகுதியை இதில் எதிர்பார்க்க வேண்டாம். இதுவரை எவரும் எழுப்பப்படவில்லை, எழுப்பும் வழியும் இன்று யாருக்கும் தெரியாது, இதை நிறுவனமும் மறைக்கவில்லை.

சாகாமலே இருக்க ஆசையா என்று நாலு பேர் கூடிய இடத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், ஏனென்றால் அந்தப் பதிலுக்குச் செலவில்லை. ஆல்கர் அதே கேள்வியைப் படிவமாக அச்சிட்டு, தொகையையும் கையெழுத்திடும் இடத்தையும் குறித்து நீட்டுகிறது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதன் கலன்களில் இருப்பவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர்தான். உயிரோடு இருந்து சந்தா கட்டும் உறுப்பினர்களும் ஆயிரத்துச் சொச்சத்தைத் தாண்டிப் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. கோடீஸ்வரர்களுக்குப் பஞ்சமில்லாத ஒரு நாட்டில் இந்த எண்ணிக்கையை விலை ஒன்றைக் காட்டி மட்டும் விளக்கிவிட முடியாது என்பது என் எண்ணம்.

முதலில் சேவையின் நடைமுறையைப் பார்ப்போம். உறுப்பினர் ஒருவர் மரணப் படுக்கையில் இருக்கும்போதே ஆல்கரின் குழு அருகில் வந்து காத்திருக்க வேண்டும் என்பதுதான் திட்டம். மருத்துவர் சட்டப்படி மரணத்தை அறிவிக்கும்வரை அவர்கள் உடலைத் தொட முடியாது. அறிவித்த கணத்திலிருந்து ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. உடலைப் பனிக்கட்டி நிரப்பிய தொட்டியில் கிடத்தி, மார்பை அழுத்தும் எந்திரத்தால் ரத்த ஓட்டத்தைச் செயற்கையாக நடத்தி, ரத்தம் உறையாதிருக்கவும் மூளைச் செல்கள் சிதையாதிருக்கவும் மருந்துகளை ஏற்றுகிறார்கள். பிறகு ரத்தத்தை வடித்துவிட்டு அதன் இடத்தில் உறைதடுப்புத் திரவத்தைச் செலுத்துகிறார்கள். தண்ணீர் பனிப்படிகமாக மாறினால் அதன் கூர்முனைகள் திசுக்களைக் கிழித்துவிடும் என்பதால், படிகமே உருவாகாமல் உடலைக் கண்ணாடிபோல இறுகச் செய்வதுதான் இந்தத் திரவத்தின் வேலை. மைனஸ் 120 டிகிரிக்குச் சற்றுக் கீழே அந்த நிலை வருகிறது. அதன்பின் மெல்ல மெல்லக் குளிரூட்டித் திரவ நைட்ரஜனின் வெப்பநிலைக்குக் கொண்டுபோகிறார்கள்.

நம் ஊரில் மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் வண்டியில் கட்டிக்கொண்டு வரும் வாய் குறுகிய குடுவையைப் பார்த்தவர்களுக்கு ஆல்கரின் சேமிப்புக் கூடம் விளங்கிவிடும். அங்கே இருப்பதும் அதே திரவ நைட்ரஜன்தான். குடுவைதான் ஆளை விட உயரமான எஃகுக் கலனாக ஆகியிருக்கிறது. இரட்டைச் சுவருக்கிடையே வெற்றிடம் இருப்பதால் மின்சாரம் தேவையில்லை, ஆவியாகிக் குறையும் நைட்ரஜனை அவ்வப்போது ஊற்றி நிரப்பினால் போதும். ஒரு கலனில் நான்கு முழு உடல்களும் நடுவில் ஐந்து தலைகளும் அடங்கும். உடல்களைத் தலைகீழாகவே நிறுத்துகிறார்கள். ஏதேனும் காரணத்தால் நைட்ரஜன் மட்டம் இறங்கினாலும் கால்கள்தான் முதலில் கெடும், தலை கடைசிவரை குளிரிலேயே இருக்கும் என்ற முன்யோசனை அது. இந்தச் சேவையில் எனக்கு மதிப்பு ஏற்படுத்திய விவரங்களில் இதுவும் ஒன்று. எழுப்புவது எப்படி என்று தெரியாதவர்கள், கெட்டுப்போவது எப்படி என்பதை நன்றாகவே யோசித்திருக்கிறார்கள்.

அறிவியலின் பக்கம் நிலைமை என்னவென்றால், சிறியவை உறைந்து மீள்கின்றன, பெரியவை மீள்வதில்லை. மனிதக் கரு முட்டைகளும் கருக்களும் உறைநிலையிலிருந்து மீண்டு குழந்தைகளாகப் பிறப்பது இன்று எந்தக் கருத்தரிப்பு மையத்திலும் நடக்கும் காரியம். 2023இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியின் சிறுநீரகத்தை இவ்வாறு கண்ணாடி நிலைக்குக் கொண்டுபோய், நுண்ணிய இரும்புத் துகள்களின் உதவியால் உள்ளும் புறமும் சீராகச் சூடேற்றி, வேறு எலிகளுக்குப் பொருத்தி இயங்க வைத்தார்கள். ஆனால் உடல் முழுவதையும், அதிலும் மூளையை, அப்படி மீட்டெடுத்தவர் இல்லை. உறைதடுப்புத் திரவமே ஓரளவு நஞ்சு. அவ்வளவு குளிரில் திசுக்களில் விரிசல் விழுகிறது. விரிசலின் ஓசையைப் பதிவுசெய்யும் கருவியைத் தாங்களே வைத்துக் கேட்டு அறிந்திருப்பதாக ஆல்கர் சொல்லிக்கொள்வதை நேர்மை என்பதா, விந்தை என்பதா தெரியவில்லை. எதிர்கால மருத்துவம் அந்த விரிசல்களையும் சரிசெய்துவிடும் என்பது அவர்களுடைய பதில். அதற்கு மேல் விவாதிக்க இருதரப்பிலும் ஒன்றுமில்லை, ஆகவே இந்தப் பகுதியில் நானும் அதிகம் நிற்கப் போவதில்லை.

நிற்க வேண்டிய இடம் கணக்குப் புத்தகம். முழு உடலுக்குக் குறைந்தது 2 லட்சம் டாலருக்கு மேலும், தலைக்கு மட்டும் 80,000 டாலரும் ஆகின்றன; ஆண்டுச் சந்தா தனி. நம் கணக்கில் முழு உடலுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய்க்கும் மேல். இதை ரொக்கமாகக் கட்டுவோர் குறைவு. பெரும்பாலானோர் ஆயுள் காப்பீடு எடுத்து, நாமினி என்ற இடத்தில் ஆல்கரின் பெயரை எழுதிவிடுகிறார்கள். இளமையில் எடுத்தால் மாதத் தவணை பெரிய சுமையில்லை என்பது நிறுவனத்தின் வாதம், அது உண்மையும்கூட. முழு உடலுக்கான குறைந்தபட்சத் தொகை 2,00,000 டாலராக இருந்த காலத்தில், அதில் 1,15,000 டாலர் நோயாளிப் பராமரிப்பு அறக்கட்டளை என்ற தனி நிதிக்குப் போய்விடும். 1997இல் ஏற்படுத்தப்பட்ட அந்த நிதியின் மூலதனத்தில் கைவைக்காமல், வருமானத்தைக் கொண்டே நைட்ரஜனும் கட்டடமும் ஆட்களும் காலகாலத்துக்கும் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

நமக்கு இது புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஒரு நுந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகளைக் கொடுத்து, அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று பொறித்து வைத்தார்கள். கிழட்டு ஆடு செத்தாலும் குட்டிகள் பெருகி மந்தையின் எண்ணிக்கை குறையாது, நெய் நிற்காது, சந்திர சூரியர் உள்ளளவும் விளக்கு எரியும் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை. அந்த ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையர்களின் வழித்தோன்றல்களும், மேற்பார்த்த ஊர்ச் சபைகளும், ஆணையிட்ட அரசும் போனபின் விளக்குகள் எத்தனை எரிகின்றன என்று கல்வெட்டுப் படிப்பவர்களைக் கேட்டால் தெரியும். ஆல்கரில் பணம் கட்டுபவர் வாங்குவது சாவாமை அன்று. ஒரு நிறுவனத்தின் ஆயுளில் தமக்கு ஒரு பங்கு. ஆகவே ஆராய வேண்டியது மருத்துவத்தின் எதிர்காலத்தைக் காட்டிலும் அறங்காவலர் குழுவின் யோக்கியதையைத்தான்.

இந்த விஷயத்தில் துறையின் முன்வரலாறு கசப்பானது. 1967 ஜனவரி 12ஆம் தேதி, புற்றுநோயால் இறந்த உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு உறைநிலையில் வைக்கப்பட்டார். இப்படி வைக்கப்பட்டு இன்றும் உறைநிலையில் இருப்பவர்களில் அவரே மூத்தவர். அவருக்கு அன்று செய்யப்பட்டது மிகப் பழைய முறை. 1973க்கு முன் உறைய வைக்கப்பட்டவர்களில் இன்று எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே. கலிபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் கல்லறைத் தோட்டத்து நிலவறை ஒன்றில் வைக்கப்பட்டிருந்த 9 உடல்கள், பணம் வற்றி, நைட்ரஜன் நிரப்ப ஆளின்றி உருகி அழுகிப்போனது 1979இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதை நடத்தியவர் தொழிலால் தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர்; சில உறவினர்கள் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள் என்பது அவர் தரப்பு நியாயம். பெட்ஃபோர்டு தப்பியது எப்படி என்றால், அவருடைய மனைவியும் மகனும் விடாமல் பணம் கட்டி, இடம் மாற்றி இடம் மாற்றிக் காத்து, 1982இல் ஆல்கரிடம் ஒப்படைக்கும்வரை அந்தக் கலனை விட்டுக்கொடுக்கவில்லை. உறவினர்கள் பணம் கட்டுவதை நம்பி இருக்கக் கூடாது என்ற பாடத்தை ஆல்கர் அந்த வரலாற்றிலிருந்துதான் எடுத்தது. முழுத்தொகையையும் முன்கூட்டியே உறுதிசெய்யும் இன்றைய விதி அதிலிருந்து வந்தது. விதி சரியானது. ஆனால் குடும்பத்தைக் கணக்கிலிருந்து நீக்குவதும் அதே விதிதான்.

குடும்பம் இந்தப் படிவத்தில் எங்கே வருகிறது என்று தேடினால், தடையாக வரக்கூடிய ஒரு தரப்பாகத்தான் வருகிறது. உறுப்பினர் தம் உடலைச் சட்டப்படி தானமாக நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். உறவினர்கள் எதிர்க்க மாட்டோம் என்று கையெழுத்திட்டுத் தந்தால் நல்லது என்று நிறுவனம் விரும்புகிறது. விரும்பக் காரணமும் உண்டு. ஐயோவா மாநிலத்தில் உறுப்பினர் ஒருவர் இறந்ததும் உடன்பிறந்தவர்கள் ஆல்கருக்குச் சொல்லாமல் அவரைப் புதைத்துவிட, 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஓராண்டுக்கு மேல் மண்ணில் கிடந்த உடலைத் தோண்டி எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் 2002இல் இறந்தபோது, உயிலில் தகனம் என்று எழுதியிருந்ததைக் காட்டி மூத்த மகள் வழக்காட, மகன் வேறொரு கையெழுத்துச் சீட்டைக் காட்டி ஆல்கருக்கு அனுப்பினார். இரண்டு ஆண்டுகளில் அந்த மகனும் புற்றுநோயில் இறந்து, அதே நிறுவனத்தில் வைக்கப்பட்டார்.

என் பார்வையில் இந்தச் சேவையின் ஆழமான குறை இங்கேதான் இருக்கிறது, நைட்ரஜனிலோ திரவத்திலோ இல்லை. அது ஒவ்வொருவராகத் தனித்தனியே விற்கப்படுகிறது. 2016இல் லண்டன் உயர்நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த 14 வயதுச் சிறுமி தன்னை உறைநிலையில் வைக்க வேண்டும் என்று நீதிபதிக்கே கடிதம் எழுதியிருந்தாள். தாய் இசைந்தார், நெடுநாள் பிரிந்து வாழ்ந்த தந்தை முதலில் எதிர்த்தார். அவருடைய கவலை அறிவியலைப் பற்றியது அன்று. 200 ஆண்டுகள் கழித்து உண்மையிலேயே எழுந்துவிட்டால், சொந்தமென்று ஒருவரும் இல்லாமல், பழைய நினைவும் இருக்குமோ இருக்காதோ, 14 வயதுப் பெண் அமெரிக்காவில் தன்னந்தனியாக என்ன செய்வாள் என்று கேட்டார். நீதிபதி பீட்டர் ஜாக்சன் கிரயோனிக்ஸ் சரியா தவறா என்று தீர்மானிக்க மறுத்து, முடிவெடுக்கும் உரிமையைத் தாயிடம் கொடுத்தார். அந்த அக்டோபரில் சிறுமி இறந்தாள். உடல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள வேறொரு கிரயோனிக்ஸ் நிறுவனத்துக்குப் போனது. தந்தையின் கேள்விக்கு எந்த நிறுவனத்தின் விளக்கக் குறிப்பிலும் நேரான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

விருந்து புறத்ததாத் தானுண்டல் சாவா
மருந்தெனினும் வேண்டற்பாற்று அன்று

என்ற குறளைப் பள்ளியில் விருந்தோம்பலுக்காகப் படித்தோம். விருந்தினரை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியே உண்பது சாவா மருந்தாகவே இருந்தாலும் விரும்பத்தக்கதன்று என்பது பொருள். வள்ளுவர் சாவா மருந்தை இழிவாகச் சொல்லவில்லை. அதன் மதிப்பு தெரிந்ததால்தான் 'எனினும்' என்கிறார். பியூ ஆய்வு மையம் 2013இல் அமெரிக்கர்களிடம் 120 வயதுவரை வாழச் செய்யும் சிகிச்சை வந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டபோது 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆனால் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டால், பெரும்பாலோர் எடுத்துக்கொள்வார்கள் என்று 68 சதவீதம் பேர் சொன்னார்கள். சாவைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு வரும்போது கேட்டுப் பாருங்கள், தாம் இருக்க வேண்டும் என்பதை விட இன்னார் போய்விடக் கூடாது என்பதுதான் முதலில் வரும். அந்த இரண்டாவது ஆசைக்கு ஸ்காட்ஸ்டேலில் விலைப்பட்டியல் இல்லை.

துறையில் ஊறியவர்களுக்கே இது தெரிந்திருக்கிறது. 1960களில் இந்த எண்ணத்தைப் பரப்பிய இயற்பியல் ஆசிரியர் ராபர்ட் எட்டிங்கர், 1976இல் மிச்சிகனில் தொடங்கிய கிரயோனிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் முதலில் வைத்தது தம் தாயாரை. பிறகு முதல் மனைவி, பிறகு இரண்டாவது மனைவி. 2011இல் 92 வயதில் அவரும் போய்ச் சேர்ந்தார். அந்த மூன்று பெண்களும் ஒன்றாக எழுந்தால் அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று எண்ணிப் பார்த்துச் சிரித்தேன், ஆனால் அவர் தனியாகப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரு நிறுவனங்களிலும் வளர்ப்பு நாய்களும் பூனைகளும்கூட வைக்கப்பட்டிருக்கின்றன.

விலை என்று பார்த்தால் மிச்சிகன் நிறுவனம் வெகு மலிவு. ஆயுள் உறுப்பினருக்கு 28,000 டாலர். ஆனால் மரணப் படுக்கையில் காத்திருக்கும் குழுவும் உடலைக் கொண்டுவரும் செலவும் அதில் சேராது, தலையை மட்டும் வைக்கும் ஏற்பாடும் அங்கே கிடையாது. முதல் சில மணி நேரத்தின் சிகிச்சைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று இவர்களே சொல்வதால், சேருவதென்றால் கூடுதல் கொடுத்து ஆல்கரில் சேருவதே பொருத்தம் என்பேன்.

தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. உறைநிலையில் வைக்கப்பட்டவர் சட்டத்தின் கணக்கில் இறந்தவர். உயில் நடைமுறைக்கு வரும், சொத்து பிரியும். நிறுவனத்தின் கணக்கில் அவர் சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளி. கொள்ளி வைப்பதா, பதினாறாம் நாள் காரியம் செய்வதா, ஆண்டுதோறும் திதி கொடுப்பதா, மனைவி இனித் தன்னை எப்படி எண்ணிக்கொள்வது என்ற கேள்விகள் எல்லாம் வீட்டில் இருப்பவர்கள் தலையில் விழும். காரியம் செய்யாவிட்டால் ஊர் பேசும். செய்தாலோ, எழுந்து வருவார் என்று கட்டிய பணத்துக்குப் பொருளில்லை. துக்கத்துக்கு ஒரு முடிவு நாள் குறித்துக் கொடுப்பதுதான் நம் சடங்குகள் செய்யும் பெரிய உதவி. இந்தச் சேவையில் அந்த நாள் வருவதே இல்லை.

இந்தியாவில் இருந்துகொண்டு சேர நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை, வேண்டாம் என்பதே. இங்கே இதற்கான நிலையமோ காத்திருப்புக் குழுவோ இல்லை. மரணச் சான்றிதழ், விமான நிறுவனத்தின் அனுமதி, தூதரகத் தாள்கள் எல்லாம் முடிந்து, உலர்பனிக்கட்டியில் பொதிந்து உடல் அரிசோனா போய்ச் சேர்வதற்குள் மூளைக்கு நேர வேண்டியது நேர்ந்திருக்கும். பிரேதப் பரிசோதனை செய்ய நேர்ந்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே வசிப்பவர்களிடம் ஆல்கர் கூடுதல் கட்டணமும் வாங்குகிறது. அமெரிக்காவில் வேலையில் இருக்கும் நம்மவர்கள் சேருவதென்றால், மனைவி மக்களுக்கான காப்பீட்டை முதலில் முடித்துவிட்டு, ஆல்கருக்கென்று தனியாக இன்னொரு பாலிசி எடுக்கட்டும். பராமரிப்பு நிதியின் வரவுசெலவு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். நாமினியின் பெயரை எழுதும் முன் அந்தப் படிவத்தை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி மேசையில் வைத்து, உடன் வருகிறீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டுவிடட்டும். ஒருவரும் வரவில்லை என்றால், தலைக்கு மட்டும் கட்டுவதா முழு உடலுக்குக் கட்டுவதா என்ற கணக்கைப் பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.